குறுக்கெழுத்துக் குறிப்புக்கு உரை காணல்



ரயில் பிரயாணத்தில் பொழுது போவதற்காகப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து நிரப்பும் ஒரு விளையாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஒருவன் மேடையேறினால், இதற்கு இவ்வளவு சம்பிரமம் எதற்கு என்று சபையில் சிலருக்குத் தோன்றுவது இயல்பே. ஆகையால் அந்த விளையாட்டின் பெருமையை எடுத்தோதிக் கொண்டிராமல், ஒரே ஒரு குறிப்பைச் சொல்லி, அதை அவிழ்க்கும் வழியையும் காட்டிவிட்டு, பிறகு மற்ற விஷயங்களுக்குப் போகிறேன். குறிப்பு இது:

உடைந்த வளையலில் ஒளிந்திருக்கும் கிணற்றுவாசி (3)

அடைப்புக்குள் இருக்கும் எண், விடை எத்தனை கட்டங்களை நிரப்பும் என்பதைச் சொல்கிறது. தமிழில் உயிரெழுத்துக்கு ஒரு கட்டம், உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம். இனி வாக்கியத்தைப் பாருங்கள். படித்தவுடன், பாழ்கிணற்றில் விழுந்து கைவளை நொறுங்கிய ஒரு பெண்ணின் உருவம் மனத்தில் எழுகிறது. ஆங்கிலப் பத்திரிகைகளின் புதிர்களில் பழகியவர்களோ ‘உடைந்த’ என்ற சொல்லைக் கண்டதும், எழுத்துக்களைக் கலைத்து அடுக்கச் சொல்கிறார்கள் என்று துள்ளிக் குதித்து, ‘வளையல்’ என்பதன் எழுத்துக்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் பார்க்கத் தொடங்குவார்கள். இரண்டும் ஏமாற்றந்தான். ‘உடைந்த’ என்பது இங்கே கட்டளை அன்று, அதுவே சரக்கு. ‘உடைந்த வளையலில்’ என்ற இரண்டு சொற்களையும் இடைவெளி விடாமல் படித்தால், முதற்சொல்லின் கடைசி எழுத்தும் இரண்டாம் சொல்லின் முதலிரண்டு எழுத்துக்களும் சேர்ந்து ‘தவளை’ என்று நிற்கின்றன. ‘ஒளிந்திருக்கும்’ என்றது அதைத்தான். கிணற்றுவாசி யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை.

வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஒளிந்திருக்கிறது என்றார்கள்; ஒளிந்துதான் இருக்கிறது. எந்த இடத்தில் என்றும் சொன்னார்கள். அந்த இடத்திலேயே இருக்கிறது. நாம் ஏமாந்தது, சொன்னதைக் கேளாமல், சொன்னதாக நாமே நினைத்துக்கொண்டதைக் கேட்டதனால்தான். இன்று நான் பேசப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்: ஏமாற்றுவதற்கென்றே எழுதப்படும் ஒரு வாக்கியம், எழுத்துக்கு எழுத்து உண்மையாகவும் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை எப்படி வந்தது, அதைத் தமிழில் எப்படிக் காப்பாற்றுவது என்பது.

இந்த விளையாட்டின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில், 1913 ஆம் ஆண்டு டிசம்பர் 21 ஆம் தேதி, வைரக்கல் வடிவத்தில் ஒரு கட்டத்தை வரைந்து வெளியிட்டார். அதிலிருந்த குறிப்புகளெல்லாம் அகராதி அர்த்தங்கள். மறைவு ஒன்றும் இல்லை. 1924 இல் சைமன் அண்ட் ஷுஸ்டர் என்ற பதிப்பகத்தார், ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சிலைச் சேர்த்து, குறுக்கெழுத்துப் புத்தகம் ஒன்றை விற்று, தேசம் முழுவதையும் பைத்தியமாக அடித்தார்கள். அமெரிக்கர் இன்றைக்கும் பெரும்பாலும் அந்த நேர்வழியிலேயே இருக்கிறார்கள். கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குத் திரும்பியபோதுதான் இந்த விளையாட்டுக்குக் கள்ளத்தனம் வந்தது. அப்ஸர்வர் பத்திரிகையில் 1926 முதல் எழுதிய எட்வர்ட் பௌவிஸ் மாதர்ஸ், ஸ்பெயின் தேசத்தில் மதவிசாரணை செய்து மனிதரை வதைத்த தலைமை விசாரணைக்காரனின் பெயரைச் சூட்டிக்கொண்டு, ‘டார்க்கெமாடா’ என்று கையெழுத்திட்டார். பெயருக்கேற்ற வேலைதான். லண்டன் டைம்ஸ் 1930 ஆம் ஆண்டு பிப்ரவரி 1 ஆம் தேதி முதல் புதிர் போடத் தொடங்கியது. அதற்கு முதற் புதிராசிரியராக அமைந்த ஏட்ரியன் பெல், ஸபோக் மாகாணத்தில் பண்ணை பார்த்துக்கொண்டு, கிராம வாழ்வைப் பற்றி நூல் எழுதியவர். சென்னையில் ஹிந்து பத்திரிகையும் 1971 முதல் ஆங்கிலத்தில் இந்தவகைப் புதிரை வெளியிட்டுவருகிறது.

நம் நாட்டில் இதற்கு முன்னமேயே குறுக்கெழுத்து என்ற பெயரில் வேறொன்று நடமாடிக்கொண்டிருந்தது. அதையும் சொல்லாவிட்டால் என் வாதம் நிறைவு பெறாது. பிரவேசக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பெருந்தொகையைப் பரிசாகக் காட்டிய போட்டிகளையே சொல்கிறேன். ‘வீரன் கைக்கு அழகு’ என்று ஒரு குறிப்பு, இரண்டு கட்டம், இரண்டாவது கட்டத்தில் ‘ல்’ என்று முன்பே அச்சிட்டிருக்கும். வில்லா, வேலா? இரண்டும் அழகுதான், இரண்டும் பொருந்தும். ஆனால் போட்டி நடத்துகிறவர் உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்திருக்கும் விடை ஒன்றே. இப்படிப் பத்து இடத்தில் இரட்டை வழி இருந்தால், கெட்டிக்காரனுக்கும் மூடனுக்கும் வித்தியாசம் இல்லாமல், அதிர்ஷ்டம் ஒன்றே நடுவராகிவிடுகிறது. மத்திய சர்க்கார் 1955 இல் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றி, மாதம் 1000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசைத் தடைசெய்தார்கள். சமர்பாக்வாலா என்பவர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, 1957 இல் உச்ச நீதிமன்றத்தார், சாமர்த்தியத்தால் வெல்லும் போட்டி வேறு, சூதாட்டத்தின் தன்மையுடைய போட்டி வேறு என்று பிரித்து, சட்டம் பின்னதையே தடுக்கும் என்று தீர்ப்பளித்தார்கள். நீதிபதிகள் எந்தக் கோட்டைக் கிழித்தார்களோ, அதே கோட்டைத்தான் ஆங்கிலப் புதிராசிரியர்கள் சட்டமும் தண்டனையும் இல்லாமல் தமக்குத் தாமே கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் வெல்ஸ் தேவாலயத்தைச் சேர்ந்த பாதிரியாராகிய ரிச்சி என்பவர் ‘ஆப்ரித்’ என்ற புனைபெயரில் எழுதியவர். 1949 இல் வெளியான தமது புத்தகத்தில், புதிராசிரியன் தான் சொன்னபடி கருதியிருக்கவேண்டும் என்பதில்லை, ஆனால் தான் கருதியதைச் சொல்லியே இருக்கவேண்டும் என்னும் பொருள்பட ஒரு விதியை வகுத்தார். டார்க்கெமாடா 1939 இல் இறந்தபின் அப்ஸர்வரில் அவருடைய இடத்துக்கு வந்த மக்னட் என்ற இலத்தீன் ஆசிரியர், இன்னொரு விசாரணைத் தலைவனாகிய ஸிமேனிஸின் பெயரை எடுத்துக்கொண்டு, 1966 இல் இந்தக் கலைக்கு ஓர் இலக்கண நூலே எழுதினார். அவர் வழி வந்தவர்களின் சித்தாந்தம் இது: நல்ல குறிப்பில் விடையின் பொருளைச் சரியாகச் சுட்டும் ஒரு பகுதி இருக்கும், அதே விடையை எழுத்தாலும் சொல்லாலும் கட்டிக்காட்டும் மற்றொரு பகுதி இருக்கும், வேறொன்றும் இராது. கடைசி நிபந்தனைதான் கடினம். வாக்கியம் அழகாக அமையவேண்டுமென்பதற்காக ஒரு சொல்லை அதிகமாகச் சேர்த்தாலும், அந்தச் சொல் பொய்சாட்சி ஆகிவிடுகிறது. விடைக்கு இரண்டு தனி வழிகள் வந்து சேர்வதால், வில்லா வேலா என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. வழி தெரியாமல் திண்டாடுகிறவனுக்கும், வந்து சேர்ந்தபின், இது இதுவே, வேறல்ல என்ற நிச்சயம் உண்டு.

கார்டியன் பத்திரிகையில் 1958 முதல் புதிர் எழுதிய ஜான் கிரஹாம் என்ற பாதிரியாரை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. அவர் ‘அரௌகேரியா’ என்ற மரத்தின் பெயரால் எழுதியவர். ஸிமேனிஸின் விதிகளை அவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றாதவர் என்று வைதீகர்களின் குறைகூறலுக்கும் ஆளானவர். 2013 ஜனவரியில் வெளியான ஒரு புதிருக்கு முகவுரையாக, தமக்கு இன்ன எண்ணுள்ள விடையின்மேல் இன்ன எண்ணுள்ள விடை வந்திருக்கிறது, இன்ன எண்ணுள்ள சிகிச்சை நடக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தார். வாசகர்கள் கட்டங்களை நிரப்பி முடித்தபோது, உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதும், அதைத் தீர்க்கும் சிகிச்சை அல்ல, வேதனையைத் தணிக்கும் சிகிச்சையே நடக்கிறது என்பதும் அவர்கள் கைப்படவே எழுதப்பட்டிருந்தன. அவ்வாண்டு நவம்பரில் தமது தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக வாசகரை ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு மனிதர், தம் வாழ்வின் மிகக் கசப்பான உண்மையைச் சொல்வதற்கும் அதே ஊடகத்தை நம்பினார் என்றால், அந்த ஏமாற்று எத்தகைய யோக்கியமான ஏமாற்று என்பது விளங்கும்.

இனித் தமிழுக்கு வருகிறேன். இந்த வித்தையைத் தமிழில் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு, நம் எழுத்துக்களின் பெயர்களே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கின்றன என்று பதில் சொல்லலாம். உயிர், மெய், கால், கொம்பு, ஒற்று, புள்ளி, குறில், நெடில் ஆகிய இவையெல்லாம் இலக்கண ஆசிரியரின் பரிபாஷையும் ஆகும், சாதாரண மனிதனின் பேச்சும் ஆகும். ‘கால் போன பாடம் திரையில் ஓடுவது (3)’ என்றால், கால் போனபின் எப்படி ஓடும் என்று வாசகன் சிரிப்பான். ‘பாடம்’ என்பதிலுள்ள காலை எடுத்துவிட்டால் ‘படம்’ ஓடுகிறது. இன்னும் ஒன்று:

மெய் சொல்லாத பல்லி காளிக்கு நேர்ந்தது (2)

பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் வழக்கமுள்ள நாட்டில், பொய்ப்பலன் சொன்ன பல்லியைப் பிடித்துத் தேவதைக்கு நேர்ந்துவிட்டார்கள் என்று ஒரு கதையே இதில் தோன்றுகிறது. ஆனால் கட்டளை என்னவென்றால், ‘பல்லி’ என்பதிலுள்ள மெய்யெழுத்தைச் சொல்லாதே என்பதே. லகர ஒற்றை விட்டால் ‘பலி’. காளிக்கு நேர்ந்துகொள்வது அதுதான். இதோடு ஒப்பிட்டால், ‘உள்ளத்தில் மெய் கொண்ட கவி, கள்வர் கவராத செல்வம் (3)’ என்ற குறிப்பு ஒரு படி தாழ்ந்தது என்பது என் அபிப்பிராயம். ‘கவி’ என்பதன் நடுவே லகர ஒற்றை வைத்தால் ‘கல்வி’ கிடைப்பது உண்மை; செல்வம் என்றதும் பொருத்தம். ஆனால் பல்லியில் இருப்பது ஒரே மெய், அதனால் எதை விடுவது என்ற கேள்வி எழவில்லை; கவிக்குள் வைக்கவேண்டிய மெய்யோ பதினெட்டில் எது என்று புதிராசிரியர் சொல்லவில்லை. பூட்டைக் கொடுத்து, பதினெட்டுச் சாவியையும் கையில் திணித்து அனுப்புகிற காரியம் இது. திறக்கும், ஆனாலும் நியாயமா?

சிலேடையை மட்டும் நம்பும் குறிப்புகளும் உண்டு. ‘மாணவனுக்குப் புத்திமதி, மாடிக்கு வழி (2)’ என்றால் ‘படி’. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் கட்டிய ஊரில் இதெல்லாம் குழந்தை விளையாட்டு. ‘சிவா திரும்பினால் சித்தர்களுக்கு மூச்சு (2)’ என்பதும் அந்த ரகந்தான். ‘சிவா’வைத் தலைகீழாக்கினால் ‘வாசி’.

சற்று நின்று பார்க்கவேண்டியது அடுத்த குறிப்பு.

கொடுமான் வேண்டியவள் வீற்றிருக்கும் இடம் (3)

இராமாயணம் அறிந்த எவருக்கும் இதில் மர்மம் இருப்பதாகவே தோன்றாது. கொடுமான் என்பது மாயமானாக வந்த மாரீசன். அதை வேண்டியவள் சீதை. அவள் வீற்றிருக்கும் இடம் அசோகவனம். ஆனால் கட்டம் மூன்றுதான் இருக்கிறது, அசோகவனம் அடங்காது. ‘வனம்’ என்று மூன்றெழுத்தில் நிரப்பிவிட்டு நிம்மதியடைகிறவர்களும் உண்டு. அவர்கள், ‘கொடுமான்’ என்ற சொல் எதற்காக வந்தது, ‘மான்’ என்று மட்டும் சொல்லியிருக்கலாகாதா என்று ஒரு கணம் யோசித்திருந்தால் தப்பியிருப்பார்கள். மேலோட்டமாகப் படிக்கும்போது ‘கொடு’ என்பது கொடுமையைக் காட்டும் அடைமொழி. அதைத் தனியே பிரித்து, ஏவல்வினையாகக் கொண்டால், ‘தா’. மான் என்பதற்கு நிகண்டுகளில் வழங்கும் மறுபெயர்களில் ஒன்று ‘மரை’. இரண்டையும் சேர்த்தால் ‘தாமரை’. வேண்டியவளாகிய சீதை திருமகளின் அவதாரம். திருமகள் வீற்றிருக்கும் இடம் தாமரை. இங்கே பொருளைச் சுட்டும் பகுதி இது, எழுத்தைக் கட்டும் பகுதி அது என்று பிரிக்கவே இடமில்லை. வாக்கியம் முழுவதும் விடையின் விளக்கமாகவும் இருக்கிறது, அதன் முற்பகுதியே விடையை எழுத்தால் கட்டியும் தருகிறது. ஆங்கிலேயர் இத்தகைய குறிப்பை ‘அண்ட் லிட்’ இனத்தோடு சேர்த்துக் கொண்டாடுவார்கள்.

ஆனால் இலக்கணப் புலவர் ஒருவர் எழுந்து ஓர் ஆக்ஷேபணை செய்வார், அது தள்ளத்தக்கதன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒருபொருட் சொற்களாயினும், இழிந்தவன் உயர்ந்தவனிடத்தில் ‘ஈ’ என்றும், ஒத்தவன் ஒத்தவனிடத்தில் ‘தா’ என்றும், உயர்ந்தவன் தாழ்ந்தவனிடத்தில் ‘கொடு’ என்றும் சொல்லவேண்டும் எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வரையறுத்திருக்கும்போது, கொடு என்பதற்குத் தா எப்படி ஈடாகும் என்பது அவர் கேள்வி. பேச்சு வழக்கில் அந்த வேற்றுமை மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது என்பது என் சமாதானம். ஆயினும் சொற்களை இவ்வளவு நுட்பமாக நிறுக்கும் ஒரு வாசகர் கிடைப்பாரானால், அவருக்காகவே புதிராசிரியன் இன்னும் ஒரு நாள் கண்விழித்து உழைக்கலாம்.

இந்த வித்தையில் ஆங்கிலத்துக்கு எளிதாயும் நமக்கு அரிதாயும் இருப்பது எழுத்தைக் கலைத்து அடுக்குவது. இருபத்தாறு எழுத்துக்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கும் மொழியில் எந்தச் சொல்லையும் உதறி வேறு சொல்லாகக் கட்டிவிடலாம். நம்முடைய உயிர்மெய்களோ கல்யாணம் ஆனவை. மெய்யைக் கூப்பிட்டால் உயிரும் கூடவே வருகிறது. ஆகவே ‘கலகம் மூண்ட நகரம் பாவிகள் சேருமிடம் (4)’ என்பது போல, நகரத்தை நரகமாக்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் நேரும். ஆனால் அந்தக் கட்டை அவிழ்ப்பதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டால் என்ன? இந்தக் குறிப்பைப் பாருங்கள்:

உயிரும் மெய்யும் பிரிந்து கலங்கிய தவசி நாடத் தகாதது (3)

‘தவசி’ என்பதைப் பிரித்தால் த், வ், ச் என்று மூன்று மெய்கள். அ, அ, இ என்று மூன்று உயிர்கள். அவற்றையே வேறு முறையில் கூட்டினால் வ-வும் ச-வும் தி-யும் ஆகி, ‘வசதி’ வருகிறது. தவசி நாடத் தகாதது வேறென்ன? கட்டத்திலுள்ள எழுத்துக்களை மட்டும் ஒப்பிட்டால், இரண்டு சொற்களுக்கும் பொதுவானது வகரம் ஒன்றே. காதால் கேட்டால் ஒரே ஒலிக்கூட்டம். உயிரும் மெய்யும் பிரிந்து என்ற சொற்கள் இல்லாமல் ‘கலங்கிய தவசி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது மோசடி. அந்தச் சொற்கள் இருப்பதனால், உடலும் உயிரும் தனித்தனியாகும்படி தவம் கிடந்து மனம் பேதலித்த ஒரு முனிவரின் படமும் கிடைக்கிறது, செய்யவேண்டிய காரியமும் வரையறைப்படுகிறது. இத்தகைய குறிப்பு ஆங்கிலத்தில் இயலவே இயலாது. அவர்கள் எழுத்தில் உயிரும் மெய்யும் கூடியிருந்தால் அல்லவா பிரிவதற்கு!

இவற்றைப் புது விளையாட்டென்று எண்ணுகிறவர்கள், வடமொழியில் தண்டியாசிரியர் தமது காவ்யாதர்சத்தின் மூன்றாம் பரிச்சேதத்தில் பிரஹேளிகை என்ற புதிர்வகையைப் பதினாறாக வகுத்ததையும், தமிழ்த் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலையும் பார்க்கவேண்டும். அங்கே வினாவுத்தரம் என்று ஒரு சித்திரகவி சொல்லப்படுகிறது. அதற்குக் காட்டிய உதாரணத்தில் சில வினாக்கள் வரிசையாக வருகின்றன: திருமகளுக்குப் பெயர் யாது, போகிறவனைப் போகச் சொல்லும் ஏவல் எது, கணைக்குப் பெயர் என்ன, அழகைக் குறிக்கும் சொல் எது என்று. விடைகள் முறையே திரு, ஏகு, அம்பு, அம். இந்த நான்கையும் புணர்ச்சி விதிப்படி சேர்த்தால், கடைசி வினாவாகிய, பிறைசூடிய பெருமான் உவந்து உறையும் தலம் எது என்பதற்கு விடையாகிய ‘திருவேகம்பம்’ வந்துவிடுகிறது. துண்டுகளைக் கோத்து ஒரு சொல்லாக்கி, ஈற்றில் அந்தச் சொல்லின் பொருளையும் சுட்டுகிற இந்த அமைப்புக்கும், டைம்ஸ் பத்திரிகையின் ஒரு குறிப்புக்கும் முறையில் அணுவளவும் பேதமில்லை. எழுத்து வருத்தனை என்பதோ, கம், நகம், கநகம், கோகநகம் என்று ஓரெழுத்தாக முன்னே கூட்டிக்கொண்டே போய், தலையை மலையாக்கி, மலையைப் பொன்னாக்கி, பொன்னைத் தாமரையாக்கும் வித்தை. ஓர் எழுத்தின் மாத்திரையைக் குறைத்து வேறு சொல்லாக்கும் மாத்திரைச் சுருக்கம், காலைப் பறித்துப் பாடத்தைப் படமாக்கிய நம் குறிப்புக்குப் பாட்டன். இவையெல்லாம் மிறைக்கவி, கவித்துவம் குன்றியவை என்று பிற்கால ரசிகர்கள் ஒதுக்கினார்கள். கவிதையாகப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு சரியே; ஆனால் புதிராகப் பார்க்க யாரும் முன்வராமல், கவிதையென்ற தராசிலேயே வைத்து நிறுத்ததனால் அவற்றுக்கு நேர்ந்த நஷ்டம் பெரிது.

விடை கண்டவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. ‘தாமரை’ என்று எழுதிவிட்டுப் போகிறவன் கட்டத்தை நிரப்பினான், குறிப்பைப் படிக்கவில்லை. அதற்கு உரை எழுதிப் பார்க்கவேண்டும்: இந்தச் சொல் பொருளைச் சுட்டியது, இந்தச் சொல் எழுத்தைத் தந்தது, இந்தச் சொல் இரண்டையும் இணைத்தது என்று பதவுரை சொல்லி, கணக்கில் வராமல் ஒரு சொல்லாவது எஞ்சினால் ஆசிரியனைக் கூண்டில் ஏற்றவேண்டும். பொருளைச் சுட்டும் பகுதி பெரும்பாலும் வாக்கியத்தின் தலையிலோ வாலிலோதான் இருக்கும், நடுவில் வராது என்பது உரைகாரனுக்கு முதல் துணை. வாக்கியத்தின் முதலும் ஈறும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பொருள்கோளை விற்பூட்டு என்று நன்னூலார் சொல்கிறார். நம் குறிப்புகளில் பல அந்த ஜாதி. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை கண்டபோது, மாட்டு என்ற இலக்கணத்தைத் துணையாகக் கொண்டு, எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு கூட்டிப் பொருள் பண்ணினார் என்று மறைமலையடிகள் குறை சொன்னார். செய்யுளுக்கு அந்தக் குறை பொருந்தலாம். அதே நச்சினார்க்கினியர் கையில் ஒரு குறுக்கெழுத்தைக் கொடுத்திருந்தால், தேநீர் ஆறுவதற்குள் முடித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கட்டம் அமைப்பதிலும் தமிழுக்கென்று சில இடர்ப்பாடுகள் உண்டு. நேரம் ஆகிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தமிழ்ச்சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. டகரம், ணகரம், ழகரம், ளகரம், றகரம், னகரம் முதலிய வரிசைகளும் மொழிக்கு முதலில் வாரா. ஆகவே கிடையாக வரும் சொல்லின் எந்த எழுத்திலிருந்து ஒரு நெடுக்குச் சொல் புறப்படவேண்டுமோ, அந்த எழுத்து மொழிமுதலாகத் தகுதியுள்ளதா என்று ஒவ்வொரு மூலையிலும் பார்க்கவேண்டியிருக்கிறது. ஆங்கிலக் கட்டத்தை அப்படியே எடுத்துவைத்துத் தமிழ் நிரப்ப முயன்றவர்கள் வடசொல்லையும் ஊர்ப்பெயரையும் தேடி ஓடியதற்குக் காரணம் இதுதான்.

புணர்ச்சியின் தொல்லை இதைவிடச் சுவையானது. ஒரு குறிப்பை வைத்து அதைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

சில கணவர் உறைப்பு. மனைவி கொண்ட கோபத்தின் காப்பியம் (8)

‘சில’ என்பது சிலவாகவே நிற்கிறது. கணவர் ‘பதி’. உறைப்பு ‘காரம்’. மூன்றும் சேர்ந்தால் கண்ணகியின் கதையாகிய சிலப்பதிகாரம் ஏறக்குறைய வந்துவிடுகிறது. ஏறக்குறைய என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம் கையில் இருப்பது ஏழெழுத்து; நூலின் பெயர் எட்டெழுத்து. நடுவிலுள்ள பகர ஒற்றை யார் தந்தார்கள்? புணர்ச்சி தந்தது என்று சமாதானம் சொல்ல முடியாது. பல, சில என்னும் சொற்களுக்குப் பின் வல்லினம் மிகாது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். சிலம்பு, அதிகாரம் என்று நேரான வழியில் பிரித்தாலோ ஒற்றுக்கு விதி இருக்கிறது. ஆனால் அப்போது கணவரும் இல்லை, காரமும் இல்லை, புதிரும் இல்லை. ‘பாதி உப்பு’ என்று எதையாவது இடையில் செருகி அந்த ஒற்றை வரவழைக்கலாமா என்று பார்த்தேன். வாக்கியம் சமையற்கட்டுக்குள் போய்விட்டது. சபையில் இருப்பவர்களில் யாராவது, கணவரையும் கோபத்தையும் கலைக்காமல், அந்த ஒரு பகர ஒற்றுக்கு நியாயமான வழி கண்டால் ஒரு தபால் கார்டில் எழுதியனுப்பலாம்; விடையோடு பதவுரையும் இருக்கவேண்டும்.